தப்பான பக்கம் இறங்கியவருக்கு

துவாரகா, டெல்லி
அக்டோபர் 19

நியூயார்க்கில் இருக்கும் அச்சுதன் அத்தானுக்கு, மதியழகன் மகள் பொன்னி எழுதுவது.

நீங்கள் என் அப்பாவைத் திருடியிருக்கிறீர்கள்.

வணக்கத்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொல்லியாயிற்று. இப்போது வணக்கம். தமிழில் எழுதுவதற்குக் காரணம் பாசம் இல்லை. உங்கள் ஏஜென்ட் முகவரிதான் எனக்குக் கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதினால் அங்கே யாராவது படித்துவிட்டு, ரசிகர் கடிதம் என்று ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள். தமிழில் இருந்தால் உங்களிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். லோதி ரோடு பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்த தமிழ் உங்களுக்கு மறந்திருக்காது என்று அப்பா சொல்வார். அதாவது, முன்பு சொல்வார்.

மேடையில் நடித்த உங்கள் நாடகத்தைப் படம் பிடித்து ஆன்லைனில் போட்டிருக்கிறார்களே, அது இங்கேயும் வந்துவிட்டது. என்னோடு நியூஸ் டெஸ்கில் வேலை பார்க்கும் ப்ரணவ் லிங்க் அனுப்பி, உன் கஸின்தானே இவர், க்யா ஆக்டிங் யார், என்னமா நடிக்கிறார் என்று எழுதியிருந்தான். மெட்ரோவில் நின்றபடியே போனில் போட்டுப் பார்த்தேன். ஒரு டெல்லி குமாஸ்தா மேடைக்கு வருகிறார். உட்காருவதற்கு முன் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்து, தூசு உள்பக்கம் போகிற மாதிரி மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். தண்ணீரை அண்ணாந்து குடித்து, கடைசி வாயை மட்டும் விழுங்காமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு யோசிக்கிறார். அதிகாரி அறைக்குப் போகும்போது செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று குதிகாலைத் தூக்கி நடக்கிறார். பெயர் மட்டும் ராமச்சந்திரன் என்று வைத்திருக்கிறீர்கள். மற்றதெல்லாம் மதியழகன். அரங்கம் நிறைய அமெரிக்கர்கள். விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

பிறகு அந்த வாசல் காட்சி. குமாஸ்தா ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு அதிகாரியின் வீட்டுக்குப் போகிறார். கதவு திறந்திருக்கிறது. உள்ளே வரச் சொல்லிக் குரலும் கேட்கிறது. ஆனாலும் ஒரு காலை நிலைப்படிக்கு வெளியிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். மறுபடி கூப்பிடுகிறார்கள். மறுபடியும் நிற்கிறார். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் சிரிப்பு. கூச்ச சுபாவமுள்ள ஒரு நல்ல மனுஷனைப் பார்த்துச் சிரிக்கிற, ஐயோ பாவம் என்கிற சிரிப்பு.

அப்பா எந்த வீட்டு வாசலிலும் அப்படித்தான் நிற்பார். அது கூச்சம் இல்லை, அத்தான். சங்கரன்கோவில் பக்கத்தில் அவர் பிறந்த ஊரில், எங்கள் தெரு ஆட்கள் மற்றத் தெரு வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. பள்ளிக்கூடச் சாவியைத் தலைமையாசிரியர் வீட்டில் கொடுத்துவிட்டு வா என்று அப்பாவை வாத்தியார் அனுப்பினார். நினைவில்லாமல் நிலையைத் தாண்டிவிட்டார். சின்னப் பையன். அன்றைக்கு முதுகில் விழுந்த அடி காலில் போய்த் தங்கிவிட்டது. பரீட்சை எழுதி, மத்திய அரசு வேலை வாங்கி, டெல்லிக்கு வந்து, சென்ட்ரல் செக்ரடேரியட்டில் ஆயுசையே கழித்த பிறகும், யாராவது கூப்பிட வேண்டும் என்று அந்தக் கால் நின்றது. உங்கள் அம்மாவும் அதே தெருவில் பிறந்தவர்தான். ருக்கு அத்தை உங்களிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டார். அமெரிக்காவுக்குப் போவதே இதை மறக்கத்தானே. நீங்கள் அதை மேடையில் வைத்து டிக்கெட் போட்டு விற்றிருக்கிறீர்கள்.

அந்தக் காட்சியோடு நிறுத்திவிட்டேன். மீதியைப் பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை.

நான் உங்களை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஆறாம் வகுப்பில் இருந்தேன். லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்து தங்கினீர்கள். அமெரிக்காவிலிருந்து நடிகர் வருகிறார் என்று மாடிப்படி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நீங்களோ செங்கோட்டைக்கும் வரவில்லை, எங்களோடு பேசவும் இல்லை. அப்பா முகம் மழிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்பா சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் ஆபீஸுக்குக் கிளம்பியபோது பால்கனியில் நின்று, தெருமுனை திரும்பும் வரை பார்த்தீர்கள். இவன் என்னத்துக்கு இப்படி முழிச்சிக்கிட்டே இருக்கான் என்று அம்மாவே கேட்டாள். எங்கள் கண் முன்னாலேயே திருட்டு நடந்திருக்கிறது. எங்களுக்குத்தான் புரியவில்லை.

இன்னொரு செய்தி. இதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று அம்மாவின் உத்தரவு. போன பிப்ரவரியில் அப்பாவுக்கு மூளையில் ரத்தம் அடைத்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது: ஆமா. சாப்பிட வேண்டுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. வலிக்கிறதா, ஆமா. வலிக்கவில்லையா, ஆமா. முப்பது வருஷம் ஆபீசர்களிடம் சொன்ன வார்த்தை. மற்றதெல்லாம் போய் அதுமட்டும் தங்கியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு யார் சட்டையையாவது பிடிக்க வேண்டும் போலிருக்கிறது. யார் சட்டை என்று தெரியவில்லை.

பொங்கலுக்குப் பிறகு நீங்கள் செய்த போன்களை அம்மா எடுக்காததற்கும், உங்கள் நம்பரை எனக்குத் தராததற்கும் இதுதான் காரணம். அவன்ட்ட சொல்லிராத பிள்ள, சொன்னா நாடகத்தப் போட்டுட்டு ஓடியாந்துருவான், இப்பதான் அவனுக்கு நல்ல நேரம் வந்துருக்கு என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. முனிர்காவில் இருந்த என் அறையைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டேன். தினமும் ஃபிசியோதெரபிஸ்ட் வருகிறார். அங்கிள்ஜி, ஹாத் உடாவ், தோடா சா, பஸ் தோடா சா, கையைத் தூக்குங்கள், கொஞ்சமே கொஞ்சம் என்று கெஞ்சுகிறார். அப்பா ஆமா என்று சொல்லிவிட்டுக் கையை மடியிலேயே வைத்துக்கொள்கிறார். முதல் ஒரு வருஷத்துக்குள் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் என்கிறார் டாக்டர். அப்பா முயற்சியே செய்வதில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நிஜ ஆள் இங்கே எழுந்து நடக்காமல் கிடக்கிறார். அங்கே நீங்கள் அவருடைய நடையை நடந்து காட்டிக் கைதட்டு வாங்குகிறீர்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பொன்னி


துவாரகா
டிசம்பர் 7

அத்தானுக்கு,

முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஏஜென்ட் ஆபீஸில் கிடக்கிறதா, நீங்கள் படித்துவிட்டுக் கோபத்தில் இருக்கிறீர்களா, தெரியாது. எதுவானாலும் இதைப் படியுங்கள். அதில் எழுதியதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். திருட்டு என்று சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அதற்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். தீபாவளி முடிந்து இங்கே புகைமூட்டம் தொடங்கியதும் அப்பாவை ஜன்னல் பக்கம் உட்காரவைக்க முடியாமல் போனது. விமானமும் தெரியவில்லை. அம்மா அவரை டிவிக்கு முன்னால் நகர்த்திவிட்டாள். சீரியல் தேடிக்கொண்டிருந்தவள், என் அக்கவுண்ட்டில் நான் பாதியில் விட்டிருந்த உங்கள் நாடகத்தின் படத்தைப் பார்த்துவிட்டாள். நான் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, இரண்டு பேரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. புரியாமலேயே முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏட்டி, இங்க வா, ஒங்கப்பாவ மாதிரியே தண்ணி குடிக்கான் பாரு, இந்தச் சவம் எப்பப் பாத்துச்சு இதயெல்லாம் என்று கேட்டாள்.

ரிமோட்டைப் பிடுங்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டு, சும்மா இரி என்று அதட்டினாள். அப்பாவைப் பார்த்தேன். சிரிக்கிறார். உதடு ஒரு பக்கம்தான் போகிறது. ஆனாலும் அது சிரிப்புதான். கைக்குட்டைக் காட்சியில் ஆமா என்றார். குதிகால் நடையில் ஆமா, ஆமா என்றார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் சொன்ன ஆமாக்களில் அன்றைக்குச் சொன்னவற்றுக்குத்தான் உண்மையான அர்த்தம் இருந்தது. வாசல் காட்சி வந்தபோது மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார். அரங்கம் சிரித்தது. நான் மனதுக்குள் உங்களைத் திட்டினேன்.

அடுத்தது பஸ் காட்சி. மேடையில் பஸ் இல்லை, ஒரே ஒரு இரும்புக் கம்பிதான் நிற்கிறது. குமாஸ்தா அதைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார். ஆபீஸ் பையின் வாரைப் பல்லில் கடித்துக்கொள்கிறார். நிறுத்தத்தில் நிற்காமல் ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து, நாலு எட்டு ஓடி, சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

அப்பா, இல்ல என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். அவர் மறுபடியும் சொன்னார். தெளிவாக, எரிச்சலோடு. இல்ல. இல்ல. இடது கையால் நாற்காலியின் கையை அழுத்தி எழுந்திருக்கப் பார்த்தார். நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்தேன். எழுந்து நின்றார். எங்கே போகிறார் என்று புரியவில்லை. பாத்ரூமா என்று அம்மா கேட்டாள். அதற்கும் இல்ல. பீரோவுக்குப் பக்கத்தில் போய், பீரோ தன் வலப்பக்கம் இருக்கிற மாதிரித் திரும்பி நின்றார். என் பக்கம் பார்த்தார். பிறகு அந்த வலது கையை, எட்டு மாசமாக மடியில் கிடந்த கையை, தூக்கினார். நடுங்கி நடுங்கி நெஞ்சு வரைக்கும் வந்தது. பீரோவின் கைப்பிடியைத் தொட்டது. விரல் மடங்கவில்லை, ஆனால் தொட்டது. முகத்தை நேராக முன்னால் வைத்துக்கொண்டு, இடது காலை எடுத்து வெளியே வைத்தார்.

அப்போதுதான் விளங்கியது. அத்தான், நீங்கள் தப்பான பக்கம் இறங்கிவிட்டீர்கள்.

டெல்லி பஸ்ஸின் வாசல் இடதுபக்கம். முகம் பஸ் போகும் திசையில் இருக்க வேண்டும், வலது கையில் கம்பி, முதலில் தரையில் படுவது இடது கால். நீங்கள் இடது கையில் கம்பியைப் பிடித்து வலது காலை வைத்து இறங்கினீர்கள். அமெரிக்காவில் வாசல் அந்தப் பக்கம். இரண்டு வருஷம் டெல்லி பஸ்ஸில் போன உடம்பு முப்பது வருஷம் அந்த ஊர் பஸ்ஸில் போய்விட்டது. மற்றதெல்லாம் நினைவு வைத்திருந்து, இந்த ஒன்றில் கால் அமெரிக்காக்காரனாகிவிட்டது. உங்களைப் பதினோரு வயதில் ஓடும் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பழக்கியவர் அவர்தானே. இடது காலைத் தவறவிட்டால் சக்கரத்துக்குள் போவாய் என்று பயமுறுத்தியே பழக்கினாராம். அம்மா கல்யாணமாகி வந்த வருஷம் நீங்கள் இரண்டு பேரும் போட்டி போட்டுக் குதிப்பீர்களாம், அவள் ஒவ்வொரு தடவையும் அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வருவாளாம். அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், சிரிக்கவும் செய்தாள்.

மறுநாள் ஃபிசியோதெரபிஸ்ட்டிடம் சொன்னேன். நம்பவில்லை. நாடகத்தைப் போட்டுக் காட்டினோம். பஸ் காட்சி வந்ததும் அப்பா எழுந்தார், கையைத் தூக்கினார், இல்ல என்றார். அரே வா, அங்கிள்ஜி, ஹம் ஸே நஹீ, ஹீரோ ஸே மானே ஆப் என்று அந்த மனிதர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் சொல்லி நீங்கள் கேட்கவில்லை, ஹீரோ சொன்னால்தான் கேட்பீர்களா என்றார். அப்பா, ஆமா என்றார்.

நாடகத்தின் முடிவையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் பாதியில் நிறுத்தியது எவ்வளவு மடத்தனம் என்று தெரிந்தது. கடைசிக் காட்சியில் குமாஸ்தா ரிட்டயர் ஆகிவிடுகிறார். மறுபடி அதே அதிகாரி வீட்டு வாசல். கதவு திறந்திருக்கிறது. இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை. அவர் வந்து நிற்பார் என்று அரங்கம் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்குகிறது. அவர் நிற்கவில்லை. சாதாரணமாக, தன் வீட்டுக்குள் போவது போல உள்ளே போய், நாற்காலியைத் துடைக்காமல் உட்காருகிறார். சிரித்தவர்கள் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். அந்த அமைதியில் விளக்கு அணைகிறது.

உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கால் ஏன் நின்றது என்று யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தை சொல்லியிருக்கலாம். அப்பாவே சொல்லியிருக்கலாம், என்னிடம் சொல்வதற்கு வெகுகாலம் முன்னால், நீங்கள் இரண்டு பேரும் குவார்ட்டர்ஸில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துச் சாப்பிட்ட நாட்களில். தெரிந்துதான் சிரிக்க வைத்திருக்கிறீர்கள், அந்தச் சிரிப்பைக் கடைசியில் அவர்கள் தொண்டையிலேயே நிறுத்தத்தான். விற்றுவிட்டீர்கள் என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். அப்பாவை நிலைப்படி தாண்ட வைத்ததற்கு நன்றி. நிஜத்தில் அது நடக்கவில்லை. ஒரு தடவைகூட நடக்கவில்லை.

அதற்குப் பிறகு உங்கள் பழைய படங்களையும் தொடர்களையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டோம். உங்கள் வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். உங்கள் அப்பா ஜகந்நாதன் மாமா வீட்டை விட்டுப் போனது, அத்தை உங்களைத் தூக்கி டெல்லிக்கு அனுப்பியது, திரும்பிப் போய் டாக்டருக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு நடிப்புப் பள்ளியில் சேர்ந்தது, அதற்காக அத்தை வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தது. அச்சுதன் ஜகந்நாதனை ஆஷ் நாதன் என்று சுருக்கினால்தான் வாய்ப்பு வரும் என்று சொன்னது யார்? நீங்களா, ஏஜென்ட்டா? இந்தக் கேள்வியை நான் எப்போதோ கேட்டிருக்க வேண்டும்.

முதல் படத்தில் பெட்ரோல் பங்க் கடைக்காரர். இரண்டு வரி வசனம், துப்பாக்கிச் சூடு, சாவு. கல்லாவை மூடும்போது கட்டைவிரலால் இரண்டு தட்டுத் தட்டினீர்கள். அப்பா தன் ஆபீஸ் டிராயரை அப்படித்தான் மூடுவார். அடுத்தது விமானம் கடத்துகிற தீவிரவாதி. முகத்தில் தாடி, கையில் துப்பாக்கி, கத்தல். அந்த ஊர் சினிமா உங்களுக்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள். ஆனால் அந்தத் தீவிரவாதி சாவதற்கு முன், கீழே விழுந்த ஒரு குழந்தையின் செருப்பை எடுத்து ஜோடியாக ஓரத்தில் வைக்கிறான். டைரக்டர் சொல்லியிருக்க மாட்டார். அம்மா உடனே கண்டுபிடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பையெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைப்பது அப்பாவின் பழக்கம். டாக்ஸி டிரைவராக வந்தீர்கள், கண்ணாடியை மூச்சுவிட்டுத் துடைத்தீர்கள். நாலு வருஷம் ஓடிய அந்த ஆஸ்பத்திரித் தொடரில் நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்வதற்கு முன் அவர் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை உங்கள் பக்கம் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். ருக்கு அத்தை செத்த செய்தியை அப்பா அப்படித்தான் என்னிடம் சொன்னார்.

ஒரு பேட்டியில் நீங்கள் சொன்னதை ப்ரணவ் எடுத்துக் கொடுத்தான். ஆடிஷனில் இன்னும் கொஞ்சம் இந்தியத்தனமாகப் பேசுங்கள் என்று கேட்பார்களாம். உங்களுக்குத் தெரிந்த ஒரே இந்திய ஆங்கிலம் உங்கள் மாமாவான என் அப்பாவின் சங்கரன்கோவில் ஆங்கிலம். அதைப் பேசினால், இது இந்தியர் மாதிரி இல்லையே என்பார்களாம். கடைசியில் அந்த மாதிரி வேடமே வேண்டாம் என்று சொல்லி, இரண்டு வருஷம் வேலையில்லாமல், ஹோட்டலில் தட்டு எடுத்து, ஒரு சின்ன ஹாலில் இந்த நாடகத்தைத் தொடங்கினீர்களாம். அப்பா அந்தப் பேட்டியைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். அவர் ஆங்கிலத்தைக் கேட்டு இங்கே ஆபீஸில் மதராஸி பாபு, மதராஸி பாபு என்று கேலி செய்தார்கள். அங்கே அது போதுமான அளவுக்கு மதராஸியாக இல்லை என்றிருக்கிறார்கள். எல்லா ஊர் ஆபீஸும் ஒரே ஆபீஸ்தான் போலிருக்கிறது.

அப்பா செக்‌ஷன் ஆபீசர் ஆகாமலேயே ரிட்டயர் ஆனவர். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஆனார்கள். பிரிவுபசாரத்தில் சமோசாவும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். பேசிய டெபுடி செக்ரட்டரி, மதியழகன் ஜி எப்போதும் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பார் என்று பாராட்டினார். அதுதான் பாராட்டு. அப்பா ஆயுசு முழுக்க இருக்கிற இடம் தெரியாமல் இருந்தார், யாரும் பார்க்காததால். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவர் கட்டைவிரலை, செருப்பை, கன்னத்தில் அடக்கிய தண்ணீரை. பார்த்ததை எங்கேயும் தொலைக்காமல், கடல் தாண்டி எடுத்துப்போய், உங்களுக்குக் கொடுத்த கேவலமான வேடங்களுக்குள் எல்லாம் ஒளித்துவைத்து வளர்த்திருக்கிறீர்கள்.

எங்களிடம் அப்பா நடக்கிற வீடியோ ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்தேன். என் பிறந்தநாள், கான்வகேஷன், இந்தியா கேட், ஆக்ரா, எல்லாவற்றிலும் போனைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர். நல்லா நில்லுட்டி, சிரி என்கிற குரல் மட்டும் இருக்கிறது. ஃபிசியோதெரபிஸ்ட் முன்பு எப்படி நடப்பார், காட்டுங்கள் என்று கேட்டபோது காட்ட ஒன்றும் இல்லை. இப்போது உங்களைத்தான் காட்டுகிறோம். அங்கிளின் பழைய நடை எது என்று அவர் உங்கள் குதிகாலைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறார். என் அப்பா எப்படி நடந்தார் என்பதற்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி நீங்கள். நன்றி என்பது சின்ன வார்த்தை. எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் விஷயம். 

தினமும் சாயங்காலம் நாடகத்தைப் போடச் சொல்லி ரிமோட்டைக் காட்டுவார். பஸ் காட்சியில் எழுவார், கையைத் தூக்குவார். கைப்பிடியில் இரண்டு விரல் மடங்கும் அளவுக்கு வந்துவிட்டது. இடது என்ற சொல்கூட ஒரு நாள் வந்தது. ஆனால் போன வாரத்திலிருந்து எழுந்திருப்பதில்லை. காட்சி வருகிறது, பார்க்கிறார், இல்ல என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார். நேற்று இல்ல என்றுகூடச் சொல்லவில்லை. ஆமா என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். எத்தனை தடவை திருத்தினாலும் டிவியில் இருக்கிற நீங்கள் திருந்துவதில்லை. மறுநாளும் அதே வலது காலை வைத்து இறங்குகிறீர்கள். சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அவர் ஆபீஸில் பட்டதும் இதுதான். தப்பு என்று சொன்னால் யாரும் கேட்டதில்லை, பிறகு ஆமா என்று சொல்லப் பழகிவிட்டார். டாக்டர் சொன்ன வருஷம் பிப்ரவரியோடு முடிகிறது.

நாடகம் ஜனவரி வரை இருக்கிறது என்று பார்த்தேன். உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் அந்த வேடத்தில் சில வாரம் நடிக்க முடியும் என்பதும் தெரியும், விசாரித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லாமல்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் வந்து நின்றால் என்னைத் திட்டுவாள், பிறகு உங்களுக்கு மீன் குழம்பு வைப்பாள். ஃப்ளாட்டுக்கு வந்தால் வாசலில் நிற்க வேண்டாம், நேராக உள்ளே வாருங்கள். பீரோவுக்குப் பக்கத்தில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன். ஒத்திகை பார்த்துத் திருத்திக்கொண்டு வந்துவிடாதீர்கள். அவர் முன்னால் தப்பாகவே இறங்குங்கள். அவர் இல்ல என்பார். நீங்கள் கேளுங்கள். மறுபடி கொஞ்சம் தப்பு செய்யுங்கள். அவர் எழுந்து வந்து உங்கள் காலைத் தொட்டு மாற்றி வைக்கிற வரைக்கும் செய்யுங்கள். உங்கள் தொழில் அதுதானே. இதுவரை நடித்ததெல்லாம் அவரை வைத்து. இதை மட்டும் அவருக்காக நடியுங்கள்.

எப்போது வருகிறீர்கள்? தேதியை எழுதுங்கள்.

பொன்னி